அடுத்த வீடு என்ன செய்யும்?

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோவில் 2010-ல் நடந்த உடல்நலக் கணக்கெடுப்பில் இரண்டு எண்கள் இருக்கின்றன. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பிறப்புறுப்பு வெட்டப்பட்டவர்கள் 76 சதவீதம். இந்த வழக்கம் தொடர வேண்டும் என்று சொன்ன பெண்கள் 9 சதவீதம். முக்கால்வாசிப் பேருக்கு நடந்த ஒன்றை வேண்டும் என்று பத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. பிறகு யார்தான் இதை நடத்துகிறார்கள்? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் "அறியாமை" என்பதுதான். விழிப்புணர்வு போதாது, பாடம் நடத்தினால் நின்றுவிடும் என்கிறார்கள். அந்தப் பதில் எனக்கு ஒருபோதும் செரித்ததில்லை. வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு விஷயம் தெரிந்திருக்கிற ஊரில் எந்த அறியாமையைப் போக்குவது?

முதலில் அந்த எண்களையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 15 முதல் 49 வயதுப் பெண்களைக் கேட்டு எடுக்கும் கணக்கு பழைய கணக்கு. 45 வயதுப் பெண்ணுக்கு வெட்டு நடந்தது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பாக இருக்கும். இன்று காலையில் வழக்கம் அடியோடு நின்றுபோனாலும் அந்த எண் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் முழுதாக இறங்கும். 15 வயதுக்குட்பட்ட சிறுமிகளைக் கணக்கெடுத்தால் நிலவரம் சீக்கிரம் தெரியும் என்றால், அதிலும் ஒரு சிக்கல்: இன்று வெட்டப்படாத நான்கு வயதுக் குழந்தைக்கு ஏழு வயதில் அது நடக்கலாம். தவிர, புர்கினா பாசோவில் 1996 முதல் இது குற்றம். வீட்டுக்கு வந்து கேட்கும் கணக்கெடுப்பாளரிடம் எவ்வளவு உண்மை பேசுவார்கள்? இத்தனையும் கழித்த பிறகும் ஓர் இடைவெளி மிஞ்சுகிறது. மனத்தில் இருப்பதற்கும் வீட்டில் நடப்பதற்கும் இடையே உள்ள இடைவெளி அது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாட், கினி, சியரா லியோன் நாடுகளில் எடுத்த கணக்குகளில், இது நிற்க வேண்டும் என்று சொன்னவர்கள் பெண்களைவிட ஆண்களில் அதிகம். மகளுக்கு நல்ல மாப்பிள்ளை கிடைக்க வேண்டுமே என்று தாய் செய்வதை, மாப்பிள்ளையாகப் போகிறவன் வேண்டாம் என்கிறான். இருவரும் அதைப் பேசிக்கொள்வதே இல்லை.

என்ன பெயர் சொல்லிக் கேட்பது?

உலகச் சுகாதார நிறுவனம் இதை நான்கு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகையில் கிளிட்டோரிஸின் (பெண்குறியின் மேற்பகுதியில் உள்ள உணர்ச்சிமிக்க சிறு உறுப்பு) வெளியே தெரியும் நுனியோ அதை மூடிய தோல்மடிப்போ வெட்டப்படுகிறது. இரண்டாவதில் உள்ளிதழ்களும் போகின்றன. மூன்றாவதில் இதழ்களை வெட்டி ஒட்டவைத்து, சிறுநீருக்கும் மாதவிடாய்க்கும் ஒரு சிறு துளை மட்டும் விட்டு மூடிவிடுகிறார்கள். குத்துதல், கீறுதல், சுரண்டுதல் எல்லாம் நான்காவது. யுனிசெஃப் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி 31 நாடுகளில் 23 கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் இவற்றில் ஏதோ ஒன்றோடு வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவில் 14 கோடியே 40 லட்சம், ஆசியாவில் 8 கோடி.

இந்த வகைப்பாடு மருத்துவருக்கு உதவும். ஊருக்குள் போய்க் கேட்கிறவருக்கு உதவாது. ஊர்களில் இதற்கு வழங்கும் சொற்களே வேறு. மாலியின் பம்பரா மொழியில் 'போலோகோலி' என்கிறார்கள்; சொல்லுக்கு நேர்ப்பொருள் கை கழுவுதல். சூடானில் 'தஹூர்', அதாவது தூய்மை. சோமாலியாவில் இன்னும் சிக்கல். அங்கே கடுமையான மூன்றாம் வகைக்கு 'ஃபிர்அவ்னி' என்று பெயர், எகிப்திய ஃபாரோவின் பெயரால். அதை விட்டுவிட்டோம், இப்போது 'சுன்னா' (நபிவழி) மட்டும்தான் செய்கிறோம் என்று பல குடும்பங்கள் சொல்கின்றன. அந்த 'சுன்னா' ஒரு வீட்டில் கீறலாக இருக்கும், இன்னொரு வீட்டில் இரண்டு மூன்று தையலோடு இருக்கும். "உங்கள் மகளுக்கு வெட்டு நடந்ததா?" என்று கேட்டால் "இல்லை, சுன்னாதான்" என்று மனமறிந்து உண்மையாகவே பதில் சொல்வார்கள். கேட்டவர் 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டுப் போவார்.

வெட்டப்படாத பெண்ணுக்கும் சொல் உண்டு, அது வசைச்சொல். சூடானில் 'கல்ஃபா'. காம்பியாவின் மண்டிங்கா மொழியில் 'சோலிமா': வெட்டப்படாதவள், பண்பு தெரியாதவள். ஒரு தாய் மகளுக்கு வெட்டு வேண்டாம் என்று முடிவெடுத்தால் அந்தப் பெண் இந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டேதான் வளர வேண்டும். சூடானில் 2008-ல் தொடங்கிய பிரச்சாரம் இதைப் புரிந்துகொண்டது. வெட்டப்படாத பெண்ணைக் குறிக்க நல்ல சொல்லே மொழியில் இல்லை என்று கண்டு, 'சலீமா' என்ற பழைய அரபுச் சொல்லை எடுத்தார்கள். முழுமையானவள், ஊறுபடாதவள், இறைவன் படைத்தபடி இருப்பவள் என்று பொருள். சோலிமாவும் சலீமாவும் காதில் எவ்வளவு அருகில் ஒலிக்கின்றன! ஒன்றைச் சொன்னால் பெண் தலைகுனிகிறாள், மற்றதைச் சொன்னால் நிமிர்கிறாள். 'சிதைப்பு' என்ற சொல்லைச் சட்டத்திலும் அறிக்கையிலும் எழுதுவது சரியே. ஆனால் ஒரு தாயின் முற்றத்தில் உட்கார்ந்து அந்தச் சொல்லைச் சொன்னால் "நீ உன் மகளைச் சிதைத்தவள்" என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். பேச்சு அத்தோடு முடிந்தது.

கால் மணி நேரம்

தெரியும், தெரியாது என்று நாம் சொல்வது எதை? மூன்றாம் வகை வெட்டு நடந்த பெண்ணிடம் "சிறுநீர் கழிக்கச் சிரமம் இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்பாள். "எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டுப் பாருங்கள், கால் மணி நேரம் என்பாள். அவள் அம்மாவுக்கும் அக்காவுக்கும் அப்படித்தான். சொட்டுச் சொட்டாகப் போவதுதான் பெண்ணுடம்பின் இயல்பு என்று அவள் அறிந்திருக்கிறாள். இதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தன் கண்ணால் கண்டதிலிருந்து அவள் சரியாகவே முடிவுக்கு வந்திருக்கிறாள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு உடம்பு அவள் ஊரில் இல்லை. ஆகவே செவிலியர் கேட்க வேண்டியவை அளவுக் கேள்விகள்: எத்தனை நிமிடம், மாதவிடாய் எத்தனை நாள், அந்த நாட்களில் எழுந்து வேலை செய்ய முடிகிறதா.

குழந்தை இறந்துபோனால் காரணம் தேடுவதிலும் இதே நிலைதான். கிளிட்டோரிஸுக்குப் போகும் தமனியில் ரத்தம் அழுத்தத்தோடு பாய்கிறது. அது வெட்டுப்பட்டால் துணி வைத்து அழுத்தினாலும் எளிதில் நிற்காது. பிடித்து வைக்கப்பட்ட குழந்தை திமிறும்போது கத்தி எவ்வளவு ஆழம் போகும் என்பது வெட்டுகிறவர் கையில் இல்லை. ரத்தப்போக்கால் அன்றைக்கே சாவு வந்தால் கத்தியோடு சேர்த்துப் பார்ப்பார்கள். டெட்டனஸ் வர ஒரு வாரம் பத்து நாளாகும். அதற்குள் விருந்து முடிந்து ஊர் கலைந்திருக்கும். குழந்தையின் தாடை இறுகி உடல் வில்லாக வளையும்போது, பேய் பிடித்தது, கண்ணேறு பட்டது என்றுதான் காரணம் காண்பார்கள். பிரசவச் சிக்கல் பதினைந்து இருபது ஆண்டுகள் தள்ளி வருகிறது. அதைக் கத்தியோடு இணைத்துப் பார்க்க எந்தக் கிழவியாலும் முடியாது. அதற்குப் பெரிய எண்ணிக்கை வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் ஆறு ஆப்பிரிக்க நாடுகளின் 28 மகப்பேறு மையங்களில் 28,393 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்ட பிறகுதான் அது எண்ணாகத் தெரிந்தது. மூன்றாம் வகை வெட்டுள்ள பெண்களுக்கு, வெட்டில்லாதவர்களைவிட, பிரசவத்துக்குப் பின் பெரும் ரத்தப்போக்கு ஏற்படும் வாய்ப்பு 69 சதவீதம் கூடுதல். பிறக்கும்போதோ பிறந்த உடனேயோ குழந்தை இறக்கும் வாய்ப்பு 55 சதவீதம் கூடுதல்.

மருத்துவமனையிலும் அறிவு இடைவெளி உண்டு. மூடிய தழும்பைத் திறக்கும் சிறு அறுவையைப் பிரசவ வலி வரும்வரை தள்ளிப்போடாமல், கர்ப்பத்தின் நடு மாதங்களிலேயே செய்துவிட்டால் பிரசவ அறையில் அவசரமில்லை. செய்வதற்கு முன் அந்தப் பெண்ணிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இனிச் சிறுநீர் வேகமாகப் போகும், சத்தம் கேட்கும், அது நோயல்ல. இதைச் சொல்லாமல் விட்டால் பலர் பயந்துபோகிறார்கள். ஏதோ உடைந்துவிட்டது, திரும்பத் தைத்துவிடுங்கள் என்று கேட்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் திரும்பத் தைப்பது எந்த மருத்துவரும் செய்யக் கூடாதது.

தேம்பா தியாவாரா நடந்த பத்து ஊர்கள்

செனகலில் மலிகுண்டா பம்பரா என்ற ஊர். தோஸ்தான் என்ற தொண்டு அமைப்பு அங்கே பெண்களுக்குத் தாய்மொழியில் எழுத்தறிவு, உடல்நலம், உரிமைகள் பற்றி வகுப்பு நடத்தியது. கிருமி என்றால் என்ன, புண் எப்படிச் சீழ்பிடிக்கிறது என்று படித்த பெண்கள் பழைய சாவுகளைத் திரும்ப எண்ணிப் பார்த்தார்கள். 1997 ஜூலை 31 அன்று, செய்தியாளர்கள் முன்னிலையில், எங்கள் ஊரில் இனி இல்லை என்று அறிவித்தார்கள். பெரிய செய்தியானது. சுற்றுவட்டார ஊர்களிலோ கடும் கோபம். வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை ஊர் நடுவில், அதுவும் கேமரா முன்னால் சொல்லிவிட்டார்களே என்று.

கோபப்பட்டவர்களில் கேர் சிம்பாரா என்ற ஊரின் தலைவர் தேம்பா தியாவாராவும் ஒருவர். இமாம், வயதானவர். அவர் கோபத்தோடு நிற்கவில்லை, விசாரித்தார். மார்க்க அறிஞர்களைக் கேட்டார், மருத்துவரைக் கேட்டார், தன் வீட்டுப் பெண்களையே கேட்டார். அவர்கள் அதுவரை அவரிடம் சொல்லாததைச் சொன்னார்கள். மலிகுண்டா பெண்கள் சொல்வது சரி என்ற முடிவுக்கு வந்தார். ஆனால் அவர் அடுத்துச் சொன்னதுதான் இந்தத் துறையின் போக்கையே மாற்றியது: என் ஊர் மட்டும் முடிவெடுத்தால் நிற்காது. எங்கள் பெண்களை நாங்கள் எங்களுக்குள்ளேயே கட்டிக்கொடுப்பதில்லை. பத்து ஊர்களில் கொண்டு கொடுத்து உறவாக இருக்கிறோம், அந்தப் பத்து ஊரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும்.

அவர் ஊர் ஊராக நடந்தே போனார். எப்படிப் பேசினார் என்பதைக் கவனிக்க வேண்டும். போன உடனே விஷயத்தை எடுப்பதில்லை. உறவுமுறை விசாரித்து, குடும்ப நலம் கேட்டு, பிறகுதான் பேச்சு. வெட்டுகிற பெண்களைக் குற்றம் சொல்வதில்லை, அருவருப்பூட்டும் படங்கள் காட்டுவதில்லை. நாம் நல்லது என்று நினைத்துச் செய்தோம், இப்போது தெரிந்துகொண்டோம், என்ன செய்யலாம் என்றுதான் கேட்டார். 1998 பிப்ரவரியில் தியாபூகூ என்ற ஊரில் 13 ஊர்கள் கூடி ஒன்றாக அறிவித்தன. செனகல் அரசு சட்டம் கொண்டுவந்தது அதன் பிறகு, 1999 ஜனவரியில்.

இதற்கு முன்பே, 1996-ல், ஜெர்ரி மாக்கி என்ற அரசியல் அறிஞர் சீனத்தில் பெண்களின் பாதங்களை இறுகக் கட்டிய வழக்கத்தையும் இதையும் ஒப்பிட்டு எழுதியிருந்தார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு நீடித்த பாதக்கட்டு ஒரு தலைமுறைக்குள் மறைந்தது. குடும்பங்கள் சங்கமாகச் சேர்ந்து இரண்டு உறுதி எடுத்தன: எங்கள் பெண்ணுக்குக் கட்ட மாட்டோம், கட்டிய பெண்ணை எங்கள் மகனுக்கு எடுக்க மாட்டோம். இரண்டாவது உறுதியில்தான் சூட்சுமம் இருக்கிறது. முதலாவதை மட்டும் எடுத்த தாய் தன் மகளைத் தனியாகப் பலிகொடுக்கிறாள். மாக்கியின் கட்டுரையைப் படித்திராத தேம்பா தியாவாரா அதே இடத்துக்குக் கொண்டு கொடுக்கும் ஊர்களை விரல்விட்டு எண்ணி வந்து சேர்ந்தார். 'ஊரோடு ஒத்து வாழ்' என்பதைக் கோழைத்தனம் என்று நினைக்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். ஊரோடு ஒத்து வாழத் தெரிந்தவராலேயே ஊரை நகர்த்தவும் முடிந்தது.

இதைத் தேவதைக் கதையாகச் சொல்லக் கூடாது. அறிவிப்பில் கைதூக்கிய எல்லாரும் கத்தியைக் கீழே வைத்துவிடவில்லை. செனகலின் தேசிய விகிதம் 2005-ல் 28 சதவீதம், 2019-ல் 25 சதவீதம். முன்பு சொன்ன பழைய கணக்குச் சிக்கலை வைத்துப் பார்த்தாலும் மெதுவான இறக்கம்தான். ஆய்வாளர்கள் கோட்பாட்டிலும் திருத்தம் சொன்னார்கள். செனகல், காம்பியா பகுதியைப் பற்றி 2011-ல் வெளியான ஆய்வு ஒன்று, கல்யாணச் சந்தையைவிடப் புகுந்த வீட்டுப் பெண்களின் வட்டம்தான் முக்கியம் என்று கண்டது. புதுமருமகளுக்கு மூத்த பெண்களின் துணையும் மதிப்பும் வேண்டும். வெட்டப்படாதவள் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறாள். மாமியார் வீட்டுக் கதைகளில் வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சூடானில் 2015-ல் வெளியான இன்னோர் ஆய்வு, வெட்டப்பட்ட சிறுமிகளின் பாதத்தில் இடும் மருதாணியை அடையாளமாக வைத்துக் கணக்கெடுத்தது. ஒரே ஊருக்குள் வெட்டும் குடும்பமும் வெட்டாத குடும்பமும் கலந்தே இருந்தன. ஆகவே 'ஊர்' என்பதும் ஒன்றல்ல. யாருக்கு யார் ஊர் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

சட்டமும் வெள்ளைக் கோட்டும்

சட்டம் மட்டும் வந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கென்யாவின் மேரு பகுதி சாட்சி. 1956-ல், ஆங்கிலேய ஆட்சியில், ஆண் பெரியவர்களின் அவை தடை விதித்தது. பதின்ம வயதுப் பெண்கள் தாங்களே சேர்ந்து பிளேடால் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள். 'ங்கைதானா' என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. 'என்னை நானே வெட்டிக்கொள்வேன்' என்று பொருள். மூன்று ஆண்டுகளில் 2,400-க்கும் மேற்பட்டோர் மீது வழக்கு. அந்தச் சிறுமிகளுக்கு வெட்டு என்பது முழுப் பெண்ணாவது. அதை அந்நியன் பறிக்கிறான் என்று கண்டார்கள். காம்பியாவில் 2015 முதல் தடை. 2023 ஆகஸ்டில்தான் முதல் தண்டனை: மூன்று பெண்களுக்குத் தலா 15,000 தலாசி அபராதம். உடனே தடையை நீக்கும் மசோதா வந்தது. 2024 மார்ச்சில் 42 உறுப்பினர்கள் அதை மேலே நகர்த்த வாக்களித்தார்கள், எதிர்த்தவர் 4 பேர். ஜூலை 15 அன்று நிராகரிக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் பெண்கள் வெளிப்படையாகப் பேசியது அந்தத் திருப்பத்தில் பெரும்பங்கு வகித்தது என்பது என் கணிப்பு.

மருத்துவர் கையில் கத்தி போவது இன்னொரு பெரும் சறுக்கல். நோய்த்தொற்று வரும், ரத்தம் போகும் என்று மட்டும் சொல்லிப் பயமுறுத்தினால் தாய் என்ன செய்வாள்? கிளினிக்குக்குப் போவாள். அவள் கேட்ட பாடத்துக்கு அது நேர்மையான பதில். எகிப்தில் நடந்தது இதுவே: அண்மைக் காலத்தில் வெட்டப்பட்ட சிறுமிகளில் நான்கில் மூன்று பேருக்கு மேல் மருத்துவப் பணியாளர்களால் வெட்டப்பட்டவர்கள். 2007-ல் மின்யா மாகாணத்தில் 12 வயதுச் சிறுமி இறந்தது ஒரு தனியார் கிளினிக்கில். மயக்கமருந்து கொடுத்த கையால் வெட்டினாலும் போன உறுப்பு போனதுதான். இந்தோனேசியா இதில் ஆடிய ஊசலாட்டத்தைப் பாருங்கள்: 2006-ல் மருத்துவர்கள் செய்யக் கூடாது என்றார்கள், 2010-ல் எப்படிச் செய்யலாம் என்று விதிமுறையே எழுதினார்கள், 2014-ல் அதைத் திரும்பப் பெற்றார்கள், 2024-ல்தான் வழக்கத்தையே ஒழிப்பதாக அரசாணை. 2013 கணக்கெடுப்பில் அங்கே 11 வயது வரையுள்ள சிறுமிகளில் 51 சதவீதம் பேருக்கு இது நடந்திருந்தது.

நாற்பதாம் நாள்

ஆப்பிரிக்கா என்று சொல்லித் தள்ளிவைக்கிற தமிழ் வாசகருக்கு: இது தமிழிலும் நடக்கிறது. இலங்கையில் தமிழ் பேசும் சோனக முஸ்லிம் குடும்பங்களிலும் மலாய்க் குடும்பங்களிலும், குழந்தை பிறந்த நாற்பதாம் நாளை ஒட்டி, ஒஸ்தா மாமி என்று அழைக்கப்படும் பெண் வீட்டுக்கு வந்து பெண் குழந்தைக்குச் சுன்னத் செய்கிற வழக்கம் இருக்கிறது. எல்லாக் குடும்பத்திலும் இல்லை. நடக்கிற வீட்டிலும் தகப்பனுக்குப் பெரும்பாலும் தெரியாது. இஸ்லாமியச் சட்ட வழிகளில் ஒன்றான ஷாஃபி மத்ஹபின் பழைய நூல்கள் பெரும்பாலும் இதைக் கடமை என்கின்றன, ஹனஃபி மத்ஹபில் அப்படியில்லை. அதனால்தான் இந்தோனேசியா, மலேசியா, இலங்கை, சோமாலியா, குர்திஸ்தான் என்று ஷாஃபி வழி போன இடங்களில் இது தென்படுகிறது. அதற்காக இதை இஸ்லாத்தோடு மட்டும் கட்டிவிடவும் முடியாது. துருக்கியிலும் மொராக்கோவிலும் வழக்கமில்லை. எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களிடமும் எத்தியோப்பியாவின் கிறிஸ்தவர்களிடமும் இருந்துவந்திருக்கிறது.

நாற்பது நாள் குழந்தைக்கு நடந்தது அந்தப் பெண்ணுக்கே தெரியாது. "உனக்கு நடந்ததா?" என்று முப்பது வயதில் கேட்டால் அவளால் பதில் சொல்ல முடியாது, அம்மாவைத்தான் கேட்க வேண்டும். இங்கே எண்ணிக்கை கிடைக்காததற்கு இது முக்கியக் காரணம். "சும்மா ஒரு கீறல், ஒரு துளி ரத்தம்" என்பார்கள். பச்சைக் குழந்தையின் அந்த இடம் சில மில்லிமீட்டர். தோலை மட்டும் தொட்டேன், நுனியைத் தொடவில்லை என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. 2017 இறுதியில் இலங்கைப் பெண்கள் சிலர் நாடாளுமன்றக் குழுவிடம் பேசினார்கள். அடுத்த ஆண்டு மருத்துவர்கள் இதைச் செய்யக் கூடாது என்று சுகாதார அமைச்சு சுற்றறிக்கை அனுப்பியது. ஒஸ்தா மாமிக்குச் சுற்றறிக்கை போகாது.

இந்தியாவில் ஷியா முஸ்லிம் பிரிவினரான தாவூதி போஹ்ராக்களிடம் இது 'கத்னா', சுமார் ஏழு வயதில். அதாவது குழந்தைக்கு நினைவிருக்கும் வயதில். 2017-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு மறு ஆண்டே பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. போஹ்ராப் பெண்களே தொடங்கிய சஹியோ அமைப்பு 385 பெண்களிடம் எடுத்த கணக்கில் 80 சதவீதம் பேருக்குக் கத்னா நடந்திருந்தது. 81 சதவீதம் பேர் இது தொடர வேண்டாம் என்றார்கள். முன்வந்து பதில் சொன்னவர்களிடம் எடுத்த கணக்கு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் புர்கினா பாசோவில் பார்த்த அதே முரண் இங்கேயும் நிற்கிறது. சில வீடுகளில் தாய் மகளுக்குச் செய்யாமலே, ஆயிற்று என்று மாமியாரிடம் சொல்லிவிடுகிறாள். அந்தப் பொய் ஒரு குழந்தையைக் காப்பாற்றுகிறது. அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் மாமியாரின் கணக்கிலும் ஊரின் கணக்கிலும் அந்தக் குழந்தை கத்னா ஆனவள். அடுத்த வீட்டில் ஆறு வயது மகளை வைத்துக்கொண்டு தவிக்கும் தாய் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறாள்.